தென்னையில் எந்த மட்டை முதலில் வாடியது? அறிகுறியைப் பிடித்து நோயையும் பூச்சியையும் கண்டறியும் வழி

"மரம் மஞ்சள் அடிக்கிறது, என்ன மருந்து?" என்று கேட்டுக்கொண்டு உரக்கடைக்குப் போனால் ஏதாவது ஒரு மருந்து நிச்சயம் கையில் கிடைக்கும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கேள்விக்கு ஆறேழு விடைகள் இருக்கின்றன. அவர் கையிருப்பில் உள்ள விடையைத் தருகிறார். வேரில் பூஞ்சை, தண்டுக்குள் புழு, சாம்பல் சத்துக் (பொட்டாஷ்) குறைவு, நீர்த் தேக்கம், வேர் வாடல் என எது வந்தாலும் தென்னை மஞ்சளாகும். நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. மாற்றம் மரத்தில் எந்த இடத்தில் தொடங்கியது என்று பார்த்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

தென்னையின் அமைப்பே அதற்கு உதவுகிறது. கிளை இல்லாத மரம். வளரும் முனை ஒன்றே ஒன்று. அதுவும் கொண்டையின் நடுவே குருத்துக்குள் மறைந்திருக்கிறது. நன்றாக இருக்கும் மரத்தில் 30 முதல் 35 மட்டைகள் நிற்கும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டை மேலே விரியும், கீழே ஒன்று கழன்று விழும். ஆகவே மேலிருந்து கீழே எண்ணினால் அது மாதக் கணக்கு. ஆறாவது மட்டையில் வெட்டு தெரிகிறதென்றால் அந்த வெட்டு விழுந்து ஆறு மாதம் தாண்டிவிட்டது. அதற்காக இன்று மருந்து ஊற்றுவது வீண் செலவு.

மரத்தடியில் நின்று முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மாற்றம் குருத்தில் தொடங்கியதா, நடு மட்டைகளிலா, அடி மட்டைகளிலா? ஒரே ஒரு மரத்திலா, பக்கத்துப் பக்கத்து மரங்களிலா, தோப்பு முழுவதுமா? சில நாட்களில் வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல வந்ததா? உயரமான மரமென்றால் செல்போன் கேமராவில் கொண்டையைப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். அடுத்த முறை மரமேறி வரும்போது அடி வரிசையிலிருந்து ஒரு மட்டையும், இளங்குலையிலிருந்து இரண்டு குரும்பையும் இறக்கித் தரச் சொல்லுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இதற்குமேல் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

விரிந்த மட்டையில் ஓலைகள் வரிசையாக வெட்டுப்பட்டிருக்கின்றன

மடித்த காகிதத்தைக் கத்தரித்துப் பிரித்தது போல, ஈர்க்கின் இரு பக்கமும் ஒரே அளவில் முக்கோண வெட்டு. இது காண்டாமிருக வண்டு. சந்தேகமே வேண்டாம்; வேறு எதுவும் இப்படி வெட்டாது. விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் வண்டு, மடங்கிக் கிடக்கும் ஓலைகளை ஒரே துளையில் ஊடுருவி மென்று, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை வெளியே தள்ளுகிறது. அந்த ஓலைகள் விரியும்போது வெட்டு வரிசை வரிசையாகத் தெரிகிறது. பாளையையும் துளைக்கும், அந்தக் குலை போனது போனதுதான்.

வெட்டுப்பட்ட மட்டை பழைய கதை. இப்போது வண்டு உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குருத்தின் அடியில், மட்டை இடுக்கில், புதிதாகத் தள்ளிய ஈரமான நார்ச் சக்கை இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. நுனி கொக்கியாக வளைந்த கம்பியைத் துளைக்குள் விட்டு, குத்தி வெளியே இழுத்துவிடலாம். இளந்தோப்பில் இதை வாடிக்கையாகச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உச்சியிலுள்ள மூன்று மட்டை இடுக்குகளில் போட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கன்றுகளுக்கு இடுக்குக்கு ஒன்றாக மூன்று அந்துருண்டைகள் போதும். கரைந்து தீர்வதால் 45 நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஆனால் வண்டு பிறக்கும் இடம் மரமில்லை, எருக்குழி. மட்கிய சாணத்திலும் குப்பையிலும் செத்து மட்கும் தென்னந்தண்டிலும் முட்டையிடுகிறது. வளைந்து சுருண்ட கொழுத்த வெள்ளைப் புழுக்களை எருவைக் கிளறும்போது பார்த்திருப்பீர்கள். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிப்பதும், மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலந்து விடுவதும்தான் வேரோடு பிடுங்கும் வேலை. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னையைச் சாய்த்தது. அப்படிச் சாய்ந்த தண்டுகளை அப்புறப்படுத்தாமல் தோப்பிலேயே மட்க விட்டால், தப்பித்து நிற்கும் மரங்களையும் புதிதாக நட்ட கன்றுகளையும் வண்டுக்குக் கொடுத்ததாகிவிடும்.

ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, சிறு மண் சட்டிகளில் ஊற்றித் தோப்பில் வைத்தால் வாடைக்கு வண்டுகள் வந்து விழும். இனக்கவர்ச்சிப் பொறியும் வைக்கலாம். எதை வைத்தாலும் இளங்கன்றுகளுக்கு நடுவில் வைக்காதீர்கள். பொறி தேடி வரும் வண்டெல்லாம் பொறியில் விழுவதில்லை. வழியில் நிற்கும் கன்றில் இறங்கிவிடும்.

நடுக்குருத்து வாடி நிற்கிறது அல்லது சாய்ந்துவிட்டது

இதுதான் அவசரமான அறிகுறி. வளரும் முனை ஒன்றே என்பதால், குருத்து செத்தால் மரமும் சாகும். இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு கழன்று வந்து, அடிப்பகுதி கூழாக அழுகி, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் அடித்தால் குருத்தழுகல். பைட்டோப்தோரா என்னும் பூஞ்சை இனத்தின் வேலை. மழை விடாமல் பெய்து, காற்றில் ஈரம் நிறைந்து, குளிரும் சேரும்போது வரும். பக்கத்து மட்டைகள் இன்னும் பச்சையாக இருந்தால் காப்பாற்றலாம். அழுகிய பகுதி முழுவதையும், நல்ல சதை தெரியும் வரை, கூரான கத்தியால் சுரண்டி எடுத்து, வெட்டிய இடத்தில் 10 சதவீத போர்டோ பசையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது; செய்முறை கடைசிப் பகுதியில்) தடவி, மழைத்தண்ணீர் இறங்காதபடி மண்சட்டியோ பாலித்தீனோ கவிழ்த்து மூடுங்கள். புதுக் குருத்து எழும்பும் வரை மூடி இருக்க வேண்டும். சுற்றியுள்ள நல்ல மரங்களின் கொண்டையில் ஒரு சதவீத போர்டோ கலவையைத் தெளியுங்கள். வெட்டிய அழுகலைத் தோப்பிலேயே போட்டுவிட்டுப் போகக் கூடாது, எரித்துவிட வேண்டும்.

கூழாக அழுகிய நாற்றம் இல்லாமல், தண்டில் துளையும், துளையிலிருந்து பழுப்பு நிறப் பிசினும், மென்று துப்பிய நாரும் இருந்தால் அது சிவப்புக் கூன்வண்டு. இது காண்டாமிருக வண்டைவிடக் கொடியது, ஏனென்றால் வேலை முழுவதும் உள்ளே நடக்கிறது. நீண்ட மூக்குள்ள செம்பழுப்பு வண்டு, தண்டிலோ மட்டையின் அடியிலோ உள்ள காயத்தில் முட்டையிடும். புழு தண்டைக் குடைந்து உள்ளேயே வளர்ந்து, நாரால் கூடு கட்டி, வண்டாகி வெளியேறும். வெளியே இருந்து பார்த்தால் உள் மட்டைகள் மெல்ல மஞ்சளாவது மட்டும் தெரியும். ஒரு நாள் கொண்டை முறிந்து விழும். பெரும்பாலும் 5 முதல் 20 வயது மரங்கள், அதாவது நல்ல காய்ப்பில் இருக்கும் மரங்கள், இதற்கு இரையாகின்றன.

சந்தேகப்பட்ட மரத்தில் காலை நேரத்தில், காற்றும் பேச்சும் அடங்கியிருக்கும்போது, தண்டில் காதை அழுத்தி வைத்துக் கேளுங்கள். புழுக்கள் நாரைக் கடிக்கும் கரகரப்பு கேட்கும். ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாமல், தூரிலிருந்து கை எட்டும் உயரம் வரை நாலு பக்கமும் கேட்க வேண்டும்.

கரகரப்பு கேட்டது, கொண்டை இன்னும் நிமிர்ந்திருக்கிறது என்றால் முயன்று பார்க்கலாம். துளைகளைச் சுத்தம் செய்து, மேலே உள்ள ஒன்றைத் தவிர மற்றவற்றைக் களிமண்ணாலோ சிமென்ட்டாலோ அடைத்துவிட்டு, இமிடாகுளோப்ரிட் 17.8 சதவீத மருந்தை லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் கலந்து அந்த மேல் துளை வழியாக ஊற்றி, அதையும் அடைத்துவிடுங்கள். கொண்டை சாய்ந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். வெட்டிச் சாய்த்து, தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் புழுவையும் கூட்டையும் அழித்தாக வேண்டும். வெட்டிப் போட்ட தண்டிலிருந்து வெளிவரும் வண்டு பக்கத்து மரத்துக்குத்தான் போகும்.

இந்த வண்டை வரவழைப்பது பெரும்பாலும் நாம்தான். ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டுவது, பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட அறுப்பது, டிராக்டர் உரசுவது எல்லாம் காயம். பச்சை மட்டையை வெட்டியே தீர வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். காண்டாமிருக வண்டு போட்ட துளையும் இதற்கு வாசல்தான்.

அடி மட்டைகள் காய்ந்து தொங்குகின்றன

அடி மட்டை காய்வது இயற்கை. வயதானது விழத்தானே வேண்டும்? மாதம் ஒன்று காய்ந்தால் கவலையில்லை. நாலைந்து அடுக்கு ஒரே நேரத்தில் காய்ந்தால் அந்த மட்டையைக் கீழே இறக்கி, திருப்பி, ஓலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

அடிப்பக்கத்தில் நூலாம்படையும் புழுக்கையும் சேர்ந்து ஓடும் நீண்ட குழாய் போன்ற பாதைகள் இருந்தால் கருந்தலைப் புழு. அந்தப் பாதைக்குள் இருந்துகொண்டு ஓலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்கிறது. கோடையில் பெருகும். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்புக்கே தீ வைத்தது போலத் தெரியும். உரிமையாளர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு பாசனத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார். அடி வரிசையில் மோசமாகப் போன இரண்டு மூன்று மட்டைகளை வெட்டி எரியுங்கள். பிறகு ஒட்டுண்ணிக் குளவிகள். பிரக்கான், கோனியோசஸ் இரண்டையும் ஒட்டுண்ணி வளர்ப்பு மையங்களிலிருந்து வாங்கி விடலாம். விடுவதற்கு முன் நாலைந்து பாதைகளைப் பிரித்துப் பாருங்கள். பாதைகள் காலியாக இருந்தால் குளவிக்குச் செய்யும் செலவு காற்றில் போகும். புழுக்கள் நன்கு வளர்ந்த பருவத்தில் இருந்தால் இந்த இரண்டு குளவிகளும் சரி; கூட்டுப்புழுவாகிவிட்டிருந்தால் பிராக்கிமீரியா என்ற வேறு குளவி வேண்டும். கொண்டைக்குள் கொண்டுபோய் விடாதீர்கள். அங்கே சிலந்திகளும் கொலைகார நாவாய்ப் பூச்சிகளும் குளவிகளைத் தின்றுவிடும். தண்டில் விட்டால் போதும், அவை தாமே ஏறிப் போகும்.

ஓலையின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அடி மட்டைகள் மஞ்சளாகித் தண்டைச் சுற்றிப் பாவாடையாகத் தொங்குகின்றன என்றால், கண்ணைத் தரைப்பக்கம் திருப்புங்கள். அடுத்த பகுதி அதைப் பற்றியதுதான்.

இரண்டும் இல்லாமல், முதிர்ந்த ஓலைகளில் மட்டும் நடுவில் சாம்பல் நிறமும் விளிம்பில் பழுப்பு வளையமுமாகப் புள்ளிகள் இருந்தால் அது சாம்பல் இலைப்புள்ளி. பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. பொட்டாஷ் குறைந்த மண்ணில் அதிகம் வரும். உரத்தைச் சரி செய்தாலே அடங்கும்.

தண்டில் சாறு வடிகிறது

சாறு வடியும் இடத்தின் உயரத்தைப் பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

தூரிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, செம்பழுப்புப் பிசின் கசிந்து, அடி மட்டைகளும் தொங்கினால் தஞ்சாவூர் வாடல் நோய். தஞ்சை மாவட்டத்தில் 1952-ல் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். காரணம் கனோடெர்மா பூஞ்சை. மண்ணில் வாழ்ந்து, வேர் வழியே ஏறி, தண்டின் அடியைத் தின்கிறது. மணற்பாங்கான நிலத்தில், கோடையில் தண்ணீர் காட்டாத தோப்புகளில் விரைந்து பரவும். மழைக்குப் பிறகு தூரில் பளபளப்பான செம்பழுப்புக் காளான் வட்டுகள் அரைவட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றால் இனி ஆராய ஒன்றுமில்லை. ஆனால் காளான் வரும் வரை காத்திருந்தால் மரம் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டிருக்கும். பிசின் கசிவு கையளவு இருக்கும்போதே இறங்க வேண்டும்.

முதல் வேலை, நோய் பக்கத்து மரத்துக்குப் போகாமல் தடுப்பது. நோயுற்ற மரத்தைச் சுற்றி இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி வேர்த் தொடர்பைத் துண்டியுங்கள். ஒரு மரத்தின் பாத்தியிலிருந்து அடுத்த மரத்தின் பாத்திக்குத் தண்ணீர் ஓடும்படி பாசனம் செய்தால் நீங்களே பூஞ்சையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் தனி வட்டப்பாத்தியில் நீர் விடுங்கள், அல்லது சொட்டுநீருக்கு மாறுங்கள். தண்டின் அடியில் ஒரு சதவீத போர்டோ கலவை 40 லிட்டரைச் சுற்றிலும் மண் நனைய ஊற்ற வேண்டும். ஆரியோபஞ்சின் சால் என்ற பூஞ்சைக்கொல்லி 2 கிராம், மயில்துத்தம் 1 கிராம் இரண்டையும் 100 மில்லி தண்ணீரில் கரைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேர் வழியாகக் கட்டலாம் (கட்டும் முறை கடைசிப் பகுதியில்). நல்ல மரங்களுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, அதோடு நோய்ப் பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா அல்லது சூடோமோனாஸ் 200 கிராம். ஊடுபயிராக வாழை வைத்த தோப்புகளில் இந்த நோய் குறைவாகப் பரவுவது தெரிந்த விஷயம். செத்த மரத்தைத் தூரோடும் வேரோடும் தோண்டி எடுக்க வேண்டும். மேலே வெட்டிவிட்டுத் தூரை விட்டுவைத்தால் நோயை விட்டுவைத்ததாகத்தான் பொருள்.

தூரில் ஒன்றுமில்லை, தண்டின் நடுவில் ஆங்காங்கே வெடிப்பும் அதிலிருந்து கருஞ்சிவப்புச் சாறும் வழிந்து காய்ந்திருக்கிறது என்றால் அது சாறு வடிதல் நோய். தனிப் பூஞ்சை, தனி வைத்தியம். உளியால் கெட்ட சதையைச் செதுக்கி எடுத்து, போர்டோ பசை தடவி, காய்ந்த பிறகு தார் பூசினால் பெரும்பாலும் ஆறிவிடும். செதுக்கிய துண்டுகளைப் பொறுக்கி எரியுங்கள்.

துளையும் மென்ற நாரும் இருந்தால் மேலே சொன்ன கூன்வண்டுதான். சாறு வடிதலில் துளை இருக்காது, வெடிப்பு மட்டும் இருக்கும்.

இடி மின்னல் அடித்த மறுநாளோ அடுத்த வாரமோ பக்கத்துப் பக்கத்து மரங்கள் நாலைந்து ஒன்றாகத் துவண்டு, தண்டு வெடித்துச் சாறு வடிந்தால், அது நோயே இல்லை. மின்னல் தாக்கிய மரத்துக்கு யாரும் மருந்து விற்க வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஓலை கரி பூசியது போலக் கறுத்திருக்கிறது

பொள்ளாச்சிப் பக்கத்தில் 2016-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈதான் இது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி. ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு வெள்ளை மெழுகுப் பொடியால் மூடுகிறது. சாற்றை உறிஞ்சிவிட்டு அது விடும் இனிப்புக் கழிவு கீழுள்ள ஓலைகளின் மேல் சொட்டும். அந்த இனிப்பில் வளரும் கரும்பூசணம்தான் கறுப்பாகத் தெரிகிறது. தென்னைக்குக் கீழே வாழை, கொய்யா, சப்போட்டா இருந்தால் அவையும் கறுக்கும். அடியில் வெள்ளை, மேலே கறுப்பு என்று இரண்டும் சேர்ந்திருந்தால் வேறு எதுவும் யோசிக்க வேண்டாம்.

பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் மரத்தைக் கொல்லாது. இதில் மருந்தடித்தவர்கள்தான் பெரும்பாலும் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். என்கார்சியா என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குளவி, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்கிறது. பூச்சிக்கொல்லி தெளித்தால் முதலில் சாவது இந்தக் குளவி. லென்ஸ் வைத்து ஓலையின் அடியைப் பாருங்கள். வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே கறுத்துப்போன குஞ்சுகள் நிறைய இருந்தால் குளவி வேலை செய்கிறது. நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதே பெரிய உதவி. கறுத்த குஞ்சே இல்லையென்றால், அவை நிறைந்த ஓலைத் துண்டுகளைப் பக்கத்துத் தோப்பிலிருந்து வெட்டி வந்து உங்கள் மரத்து ஓலையில் கோத்துவிடலாம்.

ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் நிற ஒட்டும் பொறிகளை ஏக்கருக்கு எட்டு வீதம் ஆள் உயரத்தில் கட்டுங்கள். விசைத்தெளிப்பானால் வெறும் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சினால் ஈ உதிரும். கரும்பூசணத்துக்கு மைதா மாவுப் பசை, லிட்டருக்கு 25 கிராம். காய்ந்து உதிரும்போது கறுப்பையும் உரித்துக்கொண்டு போகும். நல்ல மழை ஒன்று பெய்தால் பாதி வேலை தானே முடிந்துவிடும்.

காயில் கோளாறு

குரும்பையின் காம்படியில், தொப்பி போல மூடியிருக்கும் இதழ்களுக்குக் கீழே, வெளிர் முக்கோணமாக ஒரு திட்டு. சில வாரங்களில் அது பழுப்பாகி, நீளவாக்கில் வெடித்து, பிசின் கட்டும். காய் சிறுத்துக் கோணலாகும்; மட்டை இறுகிப்போய் உரிப்பவர் பாடு திண்டாட்டம். இது ஈரியோபைட் சிலந்திப்பேன். கால் மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள இந்தப் பேன் இந்தியாவில் 1998-ல் எர்ணாகுளம் மாவட்டத்தில் தென்பட்டது. பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவியது. பேன் வாழ்வது அந்த இதழ்களுக்கு உள்ளே. மேலே தெளிக்கும் மருந்து அங்கே எளிதில் போகாது. முற்றிய காயில் உள்ள தழும்பு மாதக்கணக்கில் பழையது; அதன்மேல் தெளித்துப் பயனில்லை. தெளிப்பதென்றால் இளங்குலைகளின் காம்படியைக் குறிவைத்து வேப்பெண்ணெய் 3 சதவீதம் தெளியுங்கள், அல்லது வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் ஒரு சதவீத மருந்து 10 மில்லியை அதே அளவு தண்ணீருடன் கலந்து வேர் வழியாகக் கட்டுங்கள்.

மருந்தைவிட உரம் இதில் அதிகம் உதவுகிறது என்பது என் கருத்து. பேன் தாக்கிய தோப்புக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, தொழுவுரம் 50 கிலோ, கூடவே போராக்ஸ் 50 கிராம், ஜிப்சம் ஒரு கிலோ, மெக்னீசியம் சல்பேட் அரைக் கிலோ என்று பரிந்துரைக்கிறது. பொட்டாஷின் அளவைக் கவனியுங்கள். நம்மில் பலர் தவிர்ப்பது அதைத்தான்.

இளநீர்க் காய்கள் காம்போரத்தில் வட்டத் துளையோடு கீழே கிடந்தால் எலி. ஆள் உயரத்துக்கு மேலே தண்டைச் சுற்றித் தகரம் அடித்தால் ஏறாது. ஆனால் பக்கத்து மரத்து மட்டையோடு கொண்டை உரசினால் அந்த வழியாக வந்துவிடும். குரும்பை உதிர்வதைக் கண்டு பதற வேண்டாம். பாளையிலுள்ள பெண் பூக்கள் எல்லாம் காயாவதில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடோ போரான் குறைவோ இருந்தால் அளவுக்கு மீறி உதிரலாம்.

நடு மட்டைகள் தளர்ந்து மஞ்சளாகின்றன

நடு அடுக்கு மட்டையில் ஓலைகள் விறைப்பை இழந்து, உள்பக்கமாக வளைந்து, விலா எலும்புக் கூடு போலத் தெரிந்தால் கேரள வேர் வாடல் நோய். 1882-ல் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் கவனிக்கப்பட்ட இந்த நோய், இப்போது கன்னியாகுமரி, தென்காசி, தேனி, கோயம்புத்தூர் மாவட்டங்களில் நிற்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காரணம் பைட்டோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்; அதைத் தத்துப்பூச்சியும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் மரத்துக்கு மரம் கடத்துகின்றன. மருந்து கிடையாது. குணமாக்கும் மருந்து என்று யாராவது பாட்டிலை நீட்டினால் நம்பாதீர்கள். ஆண்டுக்குப் பத்துக் காய்கூடத் தராத மரத்தை வெட்டி அகற்றுங்கள். கொஞ்சம் காய்க்கும் மரத்துக்கு உரமும் தண்ணீரும் கொடுத்துக் காலத்தை ஓட்டலாம். மறு நடவுக்குக் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கல்பஸ்ரீ, கல்பரக்ஷா, கல்ப சங்கரா ரகங்களைத் தேடுங்கள்.

சத்துக் குறைவோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. பிரிக்கும் வழி: போரான் குறைந்தால் புதிதாக விரியும் மட்டை குட்டையாகி, ஓலை நுனிகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு கொக்கியாக வளையும், ஓலை தளராது. பொட்டாஷ் குறைந்தால் முதிர்ந்த மட்டையில் துருப் புள்ளிகள் விழுந்து நுனியும் ஓரமும் கருகும். மெக்னீசியம் குறைந்தாலும் முதிர்ந்த மட்டைதான், ஆனால் ஓலை நுனி மஞ்சளாகி ஈர்க்கை ஒட்டிய பகுதி பச்சையாகவே இருக்கும். தண்டு மேலே போகப் போக மெலிந்து பென்சில் முனையாகக் கூம்பினால் பல நுண்ணூட்டங்கள் ஒன்றாகக் குறைந்திருக்கின்றன. இவை எல்லாம் உரம் கொடுத்தால் திரும்பும். புதிதாக விரியும் மட்டையில்தான் பலன் தெரியும் என்பதால் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

போர்டோ கலவையும் வேர் வழி மருந்தும்

ஒரு சதவீதக் கலவைக்கு: ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டரிலும் கரையுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கிளற வேண்டும், மாற்றி ஊற்றாதீர்கள். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் நல்லது. தயாரானதும் துலக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் விட்டு எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. படியாமல் நிற்கும் வரை சுண்ணாம்புக் கரைசலைச் சேருங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும். 10 சதவீதப் பசைக்கு இரண்டையும் 100 கிராம் வீதம் எடுத்து, தனித்தனியே அரை லிட்டரில் கரைத்துக் கலந்தால் போதும்.

வேர் வழியாகக் கட்டும்போது தூரிலிருந்து சற்றுத் தள்ளி மண்ணைத் தோண்டி, பென்சில் பருமனுள்ள, செம்பழுப்பான, உயிருள்ள வேரைத் தேர்ந்தெடுங்கள். கறுத்த கிழ வேர் உறிஞ்சாது. நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்து உள்ள பாலித்தீன் பையின் அடி வரை விட்டு, நூலால் கட்டி மண் மூடுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். மருந்து அப்படியே இருந்தால் வேறு வேர் தேட வேண்டும்.

பழைய பழக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை வாங்கிக் கட்டச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் 36 சதவீதக் கரைசலின் பதிவை மத்திய அரசு 2023-ல் ரத்து செய்துவிட்டது, கேட்காதீர்கள். பூச்சிக்கொல்லி எதுவானாலும், வேர் வழி கட்டிய மரத்தில் 45 நாட்களுக்குத் தேங்காயும் இளநீரும் இறக்கக் கூடாது. வெட்டு முடிந்த மறுநாளே கட்டினால் அடுத்த வெட்டுக்குள் அந்தக் கெடு தீர்ந்துவிடும். கட்டிய மரத்தில் பெயின்ட் கோடு ஒன்று போட்டு, தேதியையும் எழுதி வையுங்கள். மரமேறிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எந்த மரம் என்று தெரிய வேண்டும்.